கற்சுவரும் கடல்திரையும்

கலசப்பாக்கம் கடலைக் காணாத ஊர். செய்யாற்றின் கரையில், ஆரணிப் பட்டு நெசவு வழங்கும் நிலப்பரப்பில் அமைந்த அவ்வூரிற் பிறந்தவன் கடலலையைப் பற்றி எழுதப் புகுதல் பொருந்துமோ எனச் சிலர் ஐயுறக்கூடும். பொருந்தும் என்பதே என் துணிபு. செய்யாறு திருமுக்கூடலிற் பாலாற்றோடு கூடிப் பின்னர் கல்பாக்கத்துக்குத் தெற்கே கடலிற் கலக்கின்றது. அது சுமந்து சென்ற மணல் கடலில் வீழ்ந்தபின் ஓரிடத்தே கிடப்பதில்லை; கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்கின்றது. அம்மணல் தங்கும் இடத்தில் அலை ஒருவகையாக உடையும். தங்காத இடத்தில் வேறுவகையாக உடையும். ஆகவே கடலலையின் வரலாற்றில் உள்நாட்டு ஊர்களுக்கும் பங்குண்டு.

நீண்ட பலகையொன்றின்மேல் நின்று, உடையும் அலையின் சரிவிலே வழுக்கிச் செல்லும் விளையாட்டை அலைச்சறுக்கு என்பர். ஹவாய்த் தீவினர் தொன்றுதொட்டு ஆடிவந்த இவ்விளையாட்டு, 2021-ஆம் ஆண்டில் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மாமல்லபுரத்திலே பன்னாட்டுப் போட்டியொன்று நடைபெற்றது. இன்று கோவளத்திலும், மாமல்லபுரத்திலும், புதுச்சேரியை அடுத்த தந்திராயன்குப்பத்திலும் இவ்விளையாட்டு பயிலப்படுகின்றது. பயில்வாருள் மீனவ இளைஞர் பலர். அவர்தம் முன்னோர் கட்டுமரத்தின்மேல் நின்று, அலை உடையும் சமயம் பார்த்து அதன் முதுகிலேறிக் கரை சேர்ந்தவர்கள். ஆதலின் இக்கலை நம் கரைக்கு முற்றும் புதிதன்று.

கடலினுள் நீட்டிக் கட்டிய கற்சுவரை அடுத்து எழும் அலையை நம்பத்தகாதது என்று இவ்விளையாட்டினர் கூறுவதுண்டு. நேற்றுக் காலையிற் கண்ணாடிபோல் வழுவழுப்பாக எழுந்த அலை, இன்று காலையில் ஒரேயடியாகச் சரிந்து நுரையாகிவிடும். சென்ற மாதம் நெடுந்தொலைவு ஓடிய அலை, இம்மாதம் இருக்குமிடமே தெரியாது. இவ்வலை மனம்போனபடி நடப்பதோ, அன்றி விதிக்கு உட்பட்டதோ என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அலையின் இயல்பு

நெசவுத் தெருவில் விடியற்காலையிற் பாவு விரித்திருப்பதைக் கண்டோர், அதன் ஒரு முனையைத் தட்டினால் ஓர் அசைவு மறுமுனை வரையில் ஓடுவதைக் கண்டிருப்பர். அசைவு ஓடுகின்றது, நூல் தன்னிடத்திலேயே நிற்கின்றது. ஆழ்கடலில் அலையும் இத்தகையதே. நீர் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழன்று மேலும் கீழும் ஆட, அவ்வாட்டமே தொலைதூரம் செல்லும்.

இந்த ஆட்டம் காற்றினாற் பிறப்பது. அருகே வீசும் காற்றினால் எழும் அலை குறுகியது. ஒரு முகடு வந்து மறுமுகடு வரும் இடைவேளை அதற்கு ஐந்தாறு நொடியே. தென்பெருங்கடலின் புயல்களிற் பிறந்து பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்துவரும் அலைக்கோ, அவ்விடைவேளை 14 நொடியும் அதற்கு மேலும் இருக்கும். ஆழ்நீரில் 6 நொடி அலையின் நீளம் ஏறக்குறைய 56 மீட்டர். 14 நொடி அலையின் நீளமோ 300 மீட்டருக்குச் சற்று மேல். முன்னதன் முகடு மணிக்கு 34 கிலோமீட்டர் வேகத்திலும், பின்னதன் முகடு ஏறக்குறைய 79 கிலோமீட்டர் வேகத்திலும் செல்லும்.

தன் நீளத்திற் பாதியளவு ஆழமுள்ள இடத்தை அடைந்ததும் அலை கடலின் தரையை உணரத் தொடங்குகின்றது. அடிப்பகுதி தடைப்பட, வேகம் குறைகின்றது, முகடு உயர்கின்றது, நீரின் ஆழம் அலையின் உயரத்தைப்போல் ஏறத்தாழ 1.3 மடங்காகச் சுருங்கியவுடன் முகடு முன்சாய்ந்து உடைகின்றது. ஒரு மீட்டர் உயர அலை, ஒன்றேகால் மீட்டருக்குச் சற்று மிகுந்த ஆழத்தில் உடையும் என்பது இதனாற் பெறப்படும். ஆகவே அலை எங்கே, எவ்வாறு உடையும் என்பதை முடிவு செய்வது கடலின் அடித்தரையே. தரை ஒரே சமமாக இருப்பின் அலை முழுதும் ஒருங்கே சரியும். சறுக்குவோனுக்கு அதனாற் பயனில்லை. தரை சாய்வாக மேடிட்டிருப்பின், அலை ஒரு முனையில் உடையத் தொடங்கி மறுமுனை நோக்கிப் படிப்படியாக உடைந்து செல்லும். அந்த ஓடும் முனைக்கு முன்னே வழுக்கிச் செல்வதே சறுக்குவோன் வேண்டும் இன்பம்.

காலமும் காற்றும்

தென்மேற்கிலிருந்து வரும் நெடும்பேரலைகள் நம் கிழக்குக் கரையை நேரே வந்தடைய இயலாது. இலங்கைத் தீவு குறுக்கே நின்று அவற்றைத் தடுத்துவிடுகின்றது. தீவின் கிழக்குப்புறத்தைக் கடந்து, தெற்கிலிருந்தோ தென்கிழக்கிலிருந்தோ வருவனவே புதுச்சேரி, சென்னைக் கரைகளை எட்டுகின்றன. இலங்கையின் அறுகம் விரிகுடா அலைச்சறுக்குக்குப் புகழ்பெற்றிருப்பது, அத்தீவின் கிழக்குக் கரையில் இவ்வலைகளை எதிர்கொள்ளும் இடத்தில் அமைந்தமையால். அலை வரும் திசை சிறிதளவு மேற்கே சாய்ந்தாலும் நம் கரையில் அதன் வலிமை குன்றிவிடும். நம் கரையலையின் நிலையாமைக்கு இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் காற்று. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் விடியற்பொழுதில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். எதிரே வரும் அலையின் முகத்தை அது தாங்கி நிறுத்துதலால், அலை நிமிர்ந்து வழுவழுப்பாக எழும். வெயிலேறித் தரை சூடானபின், நண்பகலையொட்டிக் கடற்காற்று எழுந்து நீர்ப்பரப்பைக் கலைத்துவிடும். ஆதலின் ஒரே நாளில் ஆறு மணிக்கு நல்லதாயிருந்த அலை, பன்னிரண்டு மணிக்குத் தீயதாகின்றது. ஐப்பசி, கார்த்திகையில் வாடையும் கொண்டலும் கடலிலிருந்தே வீசுதலால், அலை உயர்ந்தும் ஒழுங்கின்றியும் மோதும். கடலோதத்தின் ஏற்ற இறக்கம் இக்கரையிற் பெரிதன்று; ஏறக்குறைய ஒரு மீட்டரளவே. எனினும் மணல் மேடொன்றின்மேல் நீர் ஒரு மீட்டர் ஆழமே உள்ள இடத்தில், அரை மீட்டர் மாற்றமும் அலையை உடைக்கவோ உடையாது விடவோ வல்லது.

மணலின் செலவு

மேற்கூறிய காரணங்கள் எல்லாக் கரைக்கும் பொது. கற்சுவரருகே உள்ள அலையைத் தனியே நிலையற்றதாக்குவது மணல். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையடுத்துள்ள பாறைகள் அசையாதவை. பாறையின்மேல் உடையும் அலை, திசையும் காற்றும் ஒத்தால் ஒத்தபடியே உடையும். மணலின்மேல் உடையும் அலைக்கு அவ்வுறுதி இல்லை.

நீர் கொண்டுவந்து குவித்த மணல் மேட்டைச் சங்கச் செய்யுட்கள் எக்கர் என்று வழங்குகின்றன. நெய்தல் நிலத்தைப் பாடிய புலவர்கள் மணலை அசையாப் பொருளாகக் கொள்ளாது, திரை இட்டுச்செல்லும் பொருளாகவே கண்டனர் என்பதற்கு இச்சொல் சான்று. ஆங்கிலத்தார் கூறும் கடலடி மணல் திட்டை, நீருள் மறைந்த எக்கர் என நாம் கூறலாம்.

கரைக்குச் சாய்வாக வந்து மோதும் அலைகள், கரையோரமாக ஒரு நீரோட்டத்தை உண்டாக்குகின்றன. சென்னை மீனவர் தெற்கிலிருந்து வடக்கே செல்லும் ஓட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்றும் கூறுவர். ஆண்டின் பெரும்பகுதியில் அலை தெற்கிலிருந்து சாய்ந்து வருதலால் மணல் வடக்கே செல்லும்; வடகிழக்குப் பருவத்தில் தெற்கே திரும்பும். வரவு செலவு கழித்துப் பார்த்தால், ஆண்டுதோறும் பல இலட்சம் கன மீட்டர் மணல் வடக்கு நோக்கியே செல்கின்றது. கண்ணுக்குப் புலனாகாத ஆறு ஒன்று கரையோரமாக ஓடுகின்றது எனின் அது மிகையாகாது.

கற்சுவரின் செயல்

கடலினுள் நீளும் கட்டுமானம் இருவகைப்படும். தூண்களின்மேல் நிற்கும் கடற்பாலம் ஒன்று. அதன் கீழ் நீரும் மணலும் பெரும்பாலும் தடையின்றிச் செல்லும். கற்களாற் குவித்து எழுப்பிய அலைத்தடுப்புச் சுவர் மற்றொன்று. கரையைக் காக்கச் சிறிதாக இடப்படும் இத்தகைய சுவரை நம் கடற்கரை மக்கள் தூண்டில் வளைவு என்பர். மணலாற்றின் குறுக்கே இட்ட அணை இதுவே.

இவ்வணை செய்யும் செயல்கள் நான்கு. முதலாவது, தெற்குப் பக்கத்தில் மணலைத் தடுத்துத் தேக்குதல். ஆங்கே கரை அகன்று, நீருள் எக்கரும் உருவாகி, சறுக்குவதற்கேற்ற அலை எழக்கூடும். இரண்டாவது, வடபக்கத்தை மறைத்தல். தென்கிழக்குக் காற்றும் அலையும் நேரே தாக்காமையால், சுவரின் நுனியைச் சுற்றி வளைந்து வரும் அலை அங்கே சிறியதாயினும் ஒழுங்காக இருக்கும். மூன்றாவது, மோதிய அலையைத் திருப்பி அனுப்புதல். செங்குத்தான சுவராயின் திரும்பும் அலை வலியதாகி, அடுத்து வரும் அலையோடு கூடிக் கூம்பிய முகடாக உயரும். கற்குவியலாயின் அலையின் பெரும்பகுதியைத் தன் இடுக்குகளில் விழுங்கிவிடும். நான்காவது, கரைக்குத் தள்ளப்பட்ட நீரைத் தன் ஓரமாகக் கடலுக்குத் திருப்பி ஓட்டுதல்.

இந்நான்கும் அலையின் திசைக்கும் மணலின் இருப்புக்கும் ஏற்ப நாடோறும் வேறுபடும். பருவம் மாறினால் தேங்கிய பக்கம் கரையும். புயல் ஒன்று வந்தால் ஓரிரவில் எக்கர் முழுதும் இடம்பெயரும். துறைமுக வாயிலைத் தூர்வாரினால் மணல் வரவே மாறிவிடும். அலை மனம்போனபடி நடப்பதாகத் தோன்றுவது, அதனை ஆளும் விதிகள் பலவாகி ஒருங்கே இயங்குவதனால் என்று இதுகாறும் கூறியவற்றால் விளங்கும்.

அலை நோக்குவார் அறியத்தக்கன

அத்தகைய இடத்திற்குச் செல்வோர், நீரில் இறங்குமுன் கரையில் நின்று சிறிது பொழுதேனும் நோக்குதல் வேண்டும். முகடுகளுக்கு இடையே செல்லும் நொடிகளை எண்ணுக. அவை பத்துக்கு மேற்படின் அலை தொலைவிலிருந்து வந்தது. காண்பதற்குச் சிறிதாயினும் வலிமை மிக்கது. காற்று எப்பக்கத்திலிருந்து வீசுகின்றது என்று காண்க. நுரை எங்கே எழுகின்றது, எங்கே எழவில்லை என்பதையும் குறித்துக்கொள்க. நுரை எழுமிடம் மேடு. இருபுறமும் நுரையிருக்க, இடையே நுரையின்றிக் கருத்து அமைதியாகத் தோன்றுமிடம் பெரும்பாலும் நீர் திரும்பி ஓடும் வாய்க்கால்.

இவ்வாய்க்காலே ஆபத்தின் இருப்பிடம். கடலறியாதார் அமைதியைக் கண்டு அங்கேயே இறங்குவர். கற்சுவரோரம் அது பெரும்பாலும் நிலையாக இருக்கும். தேர்ந்த சறுக்குவோர் அதனையே உள்ளே செல்லும் வழியாகக் கொள்வர். நீந்தத் தெரியாதவனை அது கடலினுள் இழுத்துச் செல்லும். அதில் அகப்பட்டவன் கரையை நோக்கி எதிர்நீச்சலிட்டுக் களைத்துவிடுதல் கூடாது. சுவரின் கற்களுக்கு எதிர்ப்பக்கமாக, கரைக்கு இணையாக நீந்தி, ஓட்டத்தை விட்டு விலகியபின்னரே கரையை நாடுதல் வேண்டும்.

காற்றே இல்லாத நாளிலும் தொலைவிற் பிறந்த பேரலை திடீரெனக் கரையேறுவதுண்டு. கேரளக் கரையினரும் குமரிக் கரையினரும் இதனைக் கள்ளக்கடல் என்பர். 2024-ஆம் ஆண்டு மே மாதத்தில், கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரையொன்றில் மருத்துவம் பயின்ற ஐவர் இத்தகைய அலையால் இழுத்துச் செல்லப்பட்டு உயிர் நீத்தனர். நம்மையொத்த வயதினர் அவர்கள். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வலைகளைப் பற்றி முன்னெச்சரிக்கை வெளியிடுகின்றது. அதனைக் கேளாது இறங்குதல் வீரமாகாது.

இரு நகரங்களின் படிப்பினை

நிற்க. கற்சுவர் விளையாட்டினரை மட்டும் தொட்டுச் செல்வதன்று. கரையில் வாழ்வாரின் வீட்டையும் தொடுகின்றது. இதற்குச் சென்னையும் புதுச்சேரியும் சான்றாவன.

முற்காலத்திற் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலில் நங்கூரமிட, ஆளும் பொருளும் மசூலாப் படகுகளில் அலைவரிசைகளைக் கடந்து கரை சேர்வர். ஆணியின்றிக் கயிற்றினால் தைக்கப்பட்ட அப்படகு, அலை மோதும்போது உடையாது நெளிந்து கொடுக்கும். அக்காலத்தில் கடல்நீர் புனித ஜார்ஜ் கோட்டையின் மதிலருகே வந்து மோதியது. 1875-ஆம் ஆண்டில் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881-ஆம் ஆண்டு நவம்பர் மாதப் புயல் சுவர்களைப் பெரிதும் சிதைத்தும், அவை மீண்டும் எழுப்பப்பட்டன. சுவர் எழுந்தபின் அதன் தெற்கே மணல் தேங்கத் தொடங்கிற்று. இன்று சில நூறு மீட்டர் அகன்று கிடக்கும் மெரினா மணற்பரப்பு பெரும்பாலும் இவ்வாறு விளைந்தது. தெற்கே சேர்ந்தது வடக்கே இழந்ததாயிற்று. இராயபுரம் முதலிய வடகரைப் பகுதிகள் கடலுக்கு இரையாகி, கற்களைக் கொட்டிக் காக்க வேண்டிய நிலையை அடைந்தன. மெரினாவில் மாலை உலாவுவோர் காலடியில் கிடக்கும் மணலுள் ஒரு பகுதி, இராயபுரத்தாருக்குச் சேரவேண்டியிருந்தது என்பதை நினைப்பார் சிலரே.

புதுச்சேரியின் வரலாறும் இவ்வகையினதே. பிரெஞ்சுக்காரர் காலத்து இரும்புக் கடற்பாலம் 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்தது. பின்னர்க் கட்டப்பட்ட பாலமும் 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு பகுதி இடிந்து வீழ்ந்தது. தூண்களின்மேல் நின்ற அப்பாலங்களைவிடக் கரையை மாற்றியது, 1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்து ஆற்றுமுகத்தில் எழுப்பிய துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள். தெற்கே தேங்கும் மணலை வடக்கே இறைத்து அனுப்பும் ஏற்பாடு திட்டத்தில் இருந்தும், அஃது இடையறாது நடைபெறவில்லை. நகரின் முன்னிருந்த மணற்கரை மறைந்து, கருங்கற் குவியலே எஞ்சியது. அக்குவியலுக்கு வடக்கே அரிப்பு தொடர்ந்தது. தந்திராயன்குப்பத்தைக் காக்கக் கடலினுள் கற்சுவர்கள் இடப்பட்டன. அங்கே மணல் தங்கியது. அலைச்சறுக்குவாரும் அங்கே கூடினர். அதற்கும் வடக்கேயுள்ள சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் முதலிய மீனவர் ஊர்களோ, படகு நிறுத்தவும் வலை உலர்த்தவும் உதவிய கரையை இழந்தன, வீடுகளும் இடிந்தன. ஓர் ஊரைக் காக்க இட்ட கல், அடுத்த ஊரை அரிக்கின்றது. அவ்வூரைக் காக்க மீண்டும் கல் இட, கேடு அதற்கும் அடுத்த ஊருக்கு நகர்கின்றது.

எனினும் முற்றும் வழியில்லை என்று கூறுதற்கில்லை. 2018-ஆம் ஆண்டில், சென்னைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தாரின் திட்டப்படி, புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலினுள் நீரில் மூழ்கிய திட்டு ஒன்று அமைக்கப்பட்டது. அது அலையின் வேகத்தைத் தணித்ததனால், நெடுங்காலம் காணாதிருந்த மணற்கரை நகரின் முன் மீண்டும் தோன்றியது.

உள்நாட்டார் பங்கு

மணல் எங்கே செல்கின்றது என்று கண்டோம். எங்கிருந்து வருகின்றது என்பதையும் காணுதல் வேண்டும். புதுச்சேரிக்குத் தெற்கே, கடலூரையடுத்துக் கடலிற் சேரும் தென்பெண்ணையின் குறுக்கே, எங்கள் திருவண்ணாமலை மாவட்டத்தில் 1958-ஆம் ஆண்டு முதல் சாத்தனூர் அணை நிற்கின்றது. வயலுக்கு நீர் தந்து வாழ்விக்கும் அவ்வணை, ஆற்றோடு வரும் வண்டலையும் மணலையும் ஓரளவு தன்னுள் நிறுத்திக்கொள்கின்றது. ஜவ்வாது மலையிற் பிறந்து கலசப்பாக்கம் வழியே செல்லும் செய்யாறும், ஆரணியை நனைத்து அதனோடு கூடும் கமண்டல நாகநதியும், ஆண்டிற் பல மாதம் வெறும் மணலாகவே கிடக்கின்றன. அம்மணலும் வீடு கட்டுதற்கு அள்ளப்பட்டது. ஆற்றில் அள்ளிய ஒரு வண்டி மணல், கடற்கரைக்குச் சேராத ஒரு வண்டி மணல் அன்றோ? அணையும் வேண்டும், வீடும் வேண்டும், துறைமுகமும் வேண்டும் என்பதை மறுப்பார் இல்லை. எடுப்பதற்குமுன், அப்பொருளை எதிர்பார்த்திருப்பார் யார் என்று வினவும் வழக்கம் நம்மிடத்து இல்லாதிருப்பதே குறை.

தறியில் ஓர் இழை அறுந்தால், நெசவாளன் அவ்விடத்திலேயே நிறுத்தி முடிந்த பின்னரே மேலே நெய்வான். விட்டுச் சென்றால் குறை சேலை முழுதும் ஓடும் என்பதை அவன் அறிவான். மலையும் ஆறும் மணலும் அலையும் ஒரே பாவின் இழைகள். கற்சுவரையடுத்த அலையை நிலையற்றது என்று இகழ்வதினும், அதனை நிலையற்றதாக்கியவற்றுள் நம் கைவேலை எவ்வளவு என்று அறிதல் நலம். தெற்கே கல் இட முனையும் பொறியாளர், வடக்கே உள்ள ஊருக்கு மணல் செல்லும் வழியையும் அத்திட்டத்திலேயே வகுத்தல் வேண்டும். வகுத்த வழி ஆண்டுதோறும் நடைபெறுகின்றதா என்று பார்த்தல் ஆட்சியாளர் கடன். விடுமுறையிற் கடற்கரை செல்லும் மாணவ நண்பர்கள், அடுத்தமுறை கற்சுவரொன்றைக் காணும்போது அதன் இருபுறமும் நடந்து பார்ப்பாராக. ஒருபுறம் அகன்ற மணலும், மறுபுறம் குறுகிய கரையும் அவர் கண்ணுக்குப் புலனாகும். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அளந்தறிதலே கடலைப் பற்றிய கல்வியின் முதற்பாடம்.